பாட்டும் பகையும்

கொருக்குப்பேட்டைத் தோழர்கள் ஒரு வழக்கை நம் முன் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கொலை வழக்கல்ல, கொள்ளை வழக்கல்ல, பாட்டு வழக்கு!

தெருமுனைக் கூட்டம் ஒன்று. பேச்சாளர் வரத் தாமதம். கூடியவர்கள் கலைந்துவிடக் கூடாதே என்று ஒலிபெருக்கிக்காரத் தம்பி ஒரு திரைப்பாட்டைப் போட்டிருக்கிறான். இளையராஜா இசையமைத்த பாட்டு. இருந்தவர்கள் தலையசைத்தார்கள், போனவர்கள் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மூத்த தோழர் ஒருவர் மேடையேறி, "நிறுத்து! யாருடைய பாட்டை யாருடைய மேடையில் போடுவது?" என்று முழங்கியிருக்கிறார். பாட்டு நின்றது, வாக்குவாதம் தொடங்கிற்று. பேச்சாளர் வந்து சேர்ந்தபோது கூட்டத்தைவிட வாக்குவாதமே பெரிதாக இருந்ததாம்!

"யார் பக்கம் நியாயம்? எழுதுங்கள்" என்று கேட்கிறார்கள்.

எழுதுவோம். கேள்வி கொருக்குப்பேட்டையில் பிறந்திருக்கலாம்; ஆனால் அது கொருக்குப்பேட்டையோடு நிற்கிற கேள்வியல்ல. ஒருவருடைய போக்கு நமக்குப் பிடிக்கவில்லை. அவருடைய பாட்டோ பிடித்திருக்கிறது. என்ன செய்வது? பாட்டை விடுவதா? போக்கைப் பொறுப்பதா? இந்தச் சங்கடம் இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

மூத்த தோழரின் கோபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது காரணமற்ற கோபமல்ல. 2022 ஏப்ரலில், அண்ணல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டு வந்த நூல் ஒன்றுக்கு இளையராஜா முன்னுரை எழுதினார். அதே ஆண்டு சூலையில் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக்கப்பட்டார். சாதியின் வேரையே வெட்ட வேண்டும் என்று சொன்ன அம்பேத்கர் எங்கே, வருணத்தின் நிழலில் வளர்ந்த அரசியல் எங்கே! அந்த ஒப்பீட்டை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இனியும் ஏற்கப் போவதில்லை.

இளைய தோழர்கள் சொல்வதையும் கேட்போம். "முன்னுரையில் இருப்பது பாட்டில் இருக்கிறதா?" என்கிறார்கள். "அந்த இசையைத் தந்தவர் எங்கிருந்து வந்தார்? பண்ணைப்புரத்திலிருந்து வந்தார். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஏழைகளின் துயரைப் பாடிய பாவலர் வரதராசனின் தம்பியாக, அந்த அண்ணன் நடத்திய இசைக்குழுவில் ஆர்மோனியம் தூக்கி வளர்ந்து வந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாட்டுப்புறத்து மெட்டு நகரத்து வீதியெல்லாம் உலா வந்ததே, அது யாருடைய வெற்றி?" என்று கேட்கிறார்கள்.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். அது நம் வழக்கமல்ல. நம் தீர்ப்பு இது: அந்தப் பாட்டை நிறுத்தியிருக்கக் கூடாது. ஏன் என்பதைச் சொல்கிறோம்.

ஒரே தொண்டை, இரண்டு கூடாரம்

வட சென்னைக்காரனுக்கு இசை எந்த வழியாக வந்தது? மயிலாப்பூர்ச் சபாவில் சீட்டு வாங்கி, முன்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக் கேட்டவனா அவன்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், சரக்கு வண்டி நகரும்வரை ரயில்வே கேட்டில் காத்து நின்றவன், ஆலைச் சங்கு ஊதும்முன் ஓடியவன்! அவனுக்கு இசை தேநீர்க்கடை வானொலி வழியாக வந்தது. கலியாண வீட்டு ஒலிபெருக்கி வழியாக, ஆடி மாதக் கூழ் ஊற்றும் பந்தல் வழியாக வந்தது. 1967-இல் திறந்து 2020-இல் மூடப்பட்ட தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா போன்ற கொட்டகைகளின் வழியாகவும் வந்தது. பாட்டு காதில் விழுந்தபோது அவன் பாடியவரின் உறுப்பினர் அட்டையைக் கேட்டதில்லை.

அறுபதுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் எம்.ஜி.ஆர். மன்றம், அடுத்த தெருவில் சிவாஜி மன்றம். இங்கே உதயசூரியன், அங்கே கதர்ச்சட்டை. சுவரொட்டிக்குச் சண்டை, கொடிக்கம்பத்துக்குச் சண்டை, முதல் காட்சிக்குச் சண்டை! அந்த இரண்டு மன்றத்தாரும் மயங்கிக் கேட்ட குரல் எத்தனை? ஒன்றே ஒன்று! இவருக்கும் டி.எம். சௌந்தரராஜன், அவருக்கும் டி.எம். சௌந்தரராஜன். மெட்டமைத்தவர்கள்? 1965-இல் பிரியும்வரை பெரும்பாலும் இங்கேயும் விசுவநாதன் - இராமமூர்த்தி, அங்கேயும் அவர்களே. சட்டையைக் கிழித்துக்கொண்ட இருவரும் வீடு திரும்பும்போது முணுமுணுத்தது ஒரே தொண்டையின் பாட்டை!

1972-இல் எம்.ஜி.ஆர். நம்மைவிட்டுப் பிரிந்தார். அரசியலில் அது எத்தனை பெரிய பிளவு என்பதை நாடறியும். பிரிந்த மறுநாளே நம் தோழர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்களா? அதுவரை பாடிய பாட்டை மறந்துவிட்டார்களா? இல்லை. வாக்கை மாற்றிப் போடவில்லை, பாட்டையும் விட்டுவிடவில்லை. கற்றறிந்தவர் வகுத்துக் கொடுத்த கொள்கையல்ல இது. பாட்டாளி தானே கண்டுகொண்ட பகுத்தறிவு!

கண்ணதாசனை என்ன செய்தோம்?

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று நமக்கு வந்ததுண்டு. அதன் பெயர் கண்ணதாசன்.

1949 செப்டம்பரில், கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கழகம் தொடங்கப்பட்டது. அந்தக் கழகத்தின் மேடைகளில் வளர்ந்த கவிஞர் அவர். டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்ற பெயரை நிலைநாட்ட 1953-இல் நடந்த போராட்டத்தில் சிறை சென்றவர். 'தென்றல்' ஏட்டை நடத்தியவர். 1957 தேர்தலில் திருக்கோட்டியூரில் நின்று தோற்றவர். அப்படிப்பட்டவர் 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறினார். தமிழ்த் தேசியக் கட்சியில் இருந்தார். 1964-இல் அது காங்கிரசில் கரைந்தபோது அவரும் கரைந்தார். சும்மாவா போனார்? 'வனவாசம்' எழுதினார், கழகத்தில் தாம் கழித்த நாட்களைக் காட்டுவாசம் என்றார்! நாத்திகம் பேசிய நாவால் 'அர்த்தமுள்ள இந்துமதம்' சொன்னார். ஒன்றல்ல, பத்துப் பாகம்!

நமக்குக் கோபம் வரவில்லையா? வந்தது. மேடையில் பதில் சொல்லவில்லையா? சொன்னோம், சூடாகவே சொன்னோம். ஆனால் 1963-இல் 'பெரிய இடத்துப் பெண்' வந்தது. 'பணத்தோட்டம்' வந்தது. மறு ஆண்டு 'பணக்காரக் குடும்பம்' வந்தது. திரையில் நின்றவர் அன்று கழகத்தின் கண்ணின் மணி. வாயசைத்த பாட்டோ கழகத்தைத் தாக்கிக்கொண்டிருந்த கண்ணதாசன் எழுதியது! மாலையில் கண்ணதாசனைக் கண்டித்துக் கைதட்டிய தோழன், இரவுக் காட்சியில் அதே கண்ணதாசனுக்குக் கைதட்டினான்.

இதை இரட்டை வேடம் என்பார் சிலர். இல்லை. இரண்டு கைதட்டலும் உண்மை. அவர் எழுதிய அரசியலுக்கு ஒரு மதிப்பெண்; அவர் எழுதிய பாட்டுக்கு ஒரு மதிப்பெண். கணக்கில் தவறியவன் தமிழிலும் தவறியாக வேண்டும் என்று எந்தப் பள்ளியில் சட்டம் உண்டு?

எம்.ஜி.ஆரையும் கடுமையாகத் தாக்கி எழுதியவர்தான் கண்ணதாசன். 1978-இல் அவரையே அரசவைக் கவிஞராக்கினார் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நம் எதிர்முகாமின் தலைவர் செய்த செயல்தான். ஆயினும் நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

நாம் மட்டும்தான் மாற்றாரின் பாட்டைக் கேட்டோமா? நம்முடைய குரலையும் மாற்றார் கேட்டார்கள். நாகூர் அனிபா யார்? கழகத்தின் கொள்கை முரசு. அவர் பாடாத மாநாடு மாநாடாகாது என்றிருந்த காலம் உண்டு. 2015-இல் அவர் மறையும்வரை கழகத்தவராகவே இருந்தார். அவர் பாடிய இசுலாமியப் பாடல்களைக் காலை வேளையில் கேட்டு உருகிய இந்து வீடுகள் எத்தனை! அவற்றில் கழகத்துக்கு வாக்களியாத வீடுகள் எத்தனை! அவர்களுக்கு அனிபாவின் கட்சி வேண்டாம். அனிபாவின் குரல் வேண்டும். அதைக் குற்றம் என்போமா? பெருமை என்றல்லவா கொள்கிறோம்!

தீட்டு என்பது யாருடைய சொல்?

இன்னும் பின்னே போவோம். 1940-களில் தமிழிசைக்கு வழக்கு நடந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடமில்லை. கடைசியில் துக்கடாவாக வந்து போனால் போதும் என்றிருந்த நிலை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார். சன்னிதி தீட்டுப்பட்டது என்ற பேச்சு எழுந்தது! அதைக் கண்டித்து, 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டே 'குடியரசு' ஏட்டில் எழுதினார் இளைஞராக இருந்த கலைஞர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, தோழர்களே! தேசிகர் பாடியது பகுத்தறிவுப் பாட்டா? அல்ல, பிள்ளையார் பாட்டு. பிள்ளையாரை ஏற்காத இயக்கம், பிள்ளையாரைப் பாடியவருக்காக வழக்காடியது! ஏன்? பாட்டில் உள்ள பக்தி நமக்கு வேண்டாம். பாட்டில் உள்ள தமிழ் நமக்கு வேண்டும். வேண்டாததற்காக வேண்டியதைக் கைவிடவில்லை.

1964-இல் வந்த 'பூம்புகார்' இன்னொரு சான்று. கதை வசனம் கலைஞர். அதில் கவுந்தி அடிகளாக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவர் யார்? காங்கிரசு மேடைகளில் பாடி வளர்ந்தவர். சென்னை மேலவைக்குச் சென்றவர். நெற்றி நிறைய நீறு பூசியவர். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வரியைப் பாட அவர் மறுத்தார் என்றும், வரியை மாற்றிக் கொடுத்தார் கலைஞர் என்றும் திரையுலகில் இன்றும் சொல்வார்கள். அவர் தம் நம்பிக்கையை விடவில்லை. கலைஞரும் தம் கொள்கையை விடவில்லை. ஆனால் அந்தக் குரல் தமிழுக்கு வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே, "இந்தப் பாட்டு நம் மேடையில் ஒலித்தால் மேடை கெட்டுவிடும்" என்று சொல்லுமுன் நம் மூத்த தோழர் சற்று நினைத்துப் பார்க்கட்டும். தொட்டால் கெட்டுவிடும் என்பது யாருடைய சாத்திரம்? அதை எதிர்த்துத்தானே இயக்கம் பிறந்தது!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2022-இல் இளையராஜாவின் கருத்தை மறுப்பதாக எண்ணிக்கொண்டு அவருடைய பிறப்பை இழுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். கருத்துக்குப் பதில் கருத்து. பிறப்பைத் தொட்டவன் எந்த அணியில் நின்று பேசினாலும், பேசியது மனுவின் மொழி.

மறுக்கும் உரிமையும் உண்டு

அப்படியானால் எல்லோரும் எல்லாப் பாட்டையும் விரும்பியே தீர வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டோம். இந்தக் கேள்வியோடு நம்மைவிட ஆழமாகப் போராடியவர்கள் உண்டு.

செருமானிய இசைப்புலவர் வாக்னர் 1850-இல் யூதர்களை இழித்துக் கட்டுரை எழுதியவர். பின்னாளில் இட்லர் போற்றி வணங்கிய இசை அவருடையது. யூத தேசத்துக்குத் திட்டம் தீட்டிய ஹெர்சலோ, தம் நூலை எழுதிய நாட்களில் வாக்னரின் இசையைத் தேடிச் சென்று கேட்டவர்! 1938 நவம்பரில் செருமனியில் யூதர்களின் வழிபாட்டு இடங்கள் எரிக்கப்பட்டன. பாலத்தீனத்தில் இருந்த யூத இசைக்குழு, வாசிக்க இருந்த வாக்னரின் இசையை நிறுத்திற்று. 2001 சூலையில் எருசலேமில் பேரன்பாயிம் என்ற இசை நடத்துநர் நிகழ்ச்சி முடிந்தபின் அவையோரைப் பார்த்துப் பேசினார்: வாக்னரை வாசிக்கலாமா என்று கேட்டார். வாதம் நடந்தது. சிலர் கதவை அறைந்துகொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் இருந்து கேட்டார்கள். இறுதியில் எழுந்து கைதட்டினார்கள்.

வெளியேறியவர் செய்தது பிழையா? அல்ல. வதைமுகாமில் உற்றாரை இழந்தவரிடம் போய், "பாட்டு வேறு, பகை வேறு, அமர்ந்து கேள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. காயம்பட்டவனின் காது அவனுக்கே சொந்தம். அதுபோல, ஒரு கலைஞர் மீது ஒரு பெண் குற்றம் சாட்டினால், "எத்தனை நல்ல பாட்டுத் தந்தவர் தெரியுமா?" என்று அவள் வாயை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை. பாட்டு பாராட்டுக்குரியதாக இருக்கலாம். நீதிமன்றத்தில் அது சாட்சியல்ல.

நஞ்சு பாட்டின் உள்ளேயே இருந்தாலும் கதை வேறு. சாதித் திமிரைப் பாடும் பாட்டு, பெண்ணை இழிவு செய்யும் பாட்டு, அண்டை வீட்டான் மீது பகை மூட்டும் பாட்டு - இவற்றைத் தேனில் குழைத்துக் கொடுத்தாலும் துப்பத்தான் வேண்டும். எழுதியவர் நம்மவரே ஆனாலும் துப்ப வேண்டும்! ஏனென்றால் அங்கே நாம் எடை போடுவது பாட்டையே, பாடியவரை அல்ல.

பட்டா எழுதிக் கொடுக்காதீர்!

இப்போது வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம்.

ஒரு கட்சி ஓர் இசைக்கலைஞரைத் தேடிச் சென்று பதவி தருகிறது என்றால் எதற்கு? இசையின் மீது கொண்ட காதல் மட்டுந்தானா? அவர் பாட்டின் மீது நாடு கொண்டிருக்கும் அன்பில் ஒரு பங்கு தங்கள் கணக்கில் வரவாகட்டும் என்ற ஆசையும் உண்டு என்பது நம் கருத்து. "இவ்வளவு இனிமை தந்தவரே எங்கள் பக்கம் இருக்கிறார், ஆகவே எங்கள் பக்கம் இனிமையான பக்கம்!" என்று சொல்லாமல் சொல்லுகிற தந்திரம் அது.

அந்தத் தந்திரம் பலிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பாட்டில் மயங்கியவன் அரசியலிலும் மயங்கிப் பின்னால் போவது. தமிழன் அப்படிப் போகவில்லை. இன்னொன்று, பாட்டை விரும்பிய நாமே கோபத்தில் அதைத் தூக்கி எறிந்து, "எடுத்துக்கொள், இது உன்னுடையது" என்று சொல்லிவிடுவது. கொருக்குப்பேட்டை மேடையில் நம் மூத்த தோழர் செய்தது இந்த இரண்டாவது வேலைதான். அவர் எதிர்த்தது யாரையோ, உதவியதும் அவர்களுக்கே! பதவி கொடுத்தும் பெற முடியாத பட்டாவை, ஒலிபெருக்கியை நிறுத்தி இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாட்டு யாருடையது? மெட்டுப் போட்டவருக்கு அதில் உரிமை உண்டு, சட்டமும் சொல்கிறது. எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வயலினும் புல்லாங்குழலும் தபேலாவும் வாசித்தவர்கள் பலர். அத்தனை பேரும் ஒரே கட்சியா? அதன்பின் அதைத் தாலாட்டாக்கிய தாய் இருக்கிறாள். இரவுப் பணியில் தூக்கத்தை விரட்டப் பாடிய லாரி ஓட்டுநர் இருக்கிறார். மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தன் சொந்தச் சொல்லைப் போட்டு இறந்த நண்பனுக்காகக் கானா பாடும் வட சென்னை இளைஞன் இருக்கிறான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் திரைமெட்டில் தன் சின்னத்தைச் சேர்த்துப் பாடவில்லையா? மக்கள் நாவில் ஏறிய மெட்டுக்கு மக்களே உடைமைக்காரர்.

கழகத் தலைமை இதை அறிந்தே நடந்திருக்கிறது. இசைஞானி என்ற பட்டத்தை இளையராஜாவுக்குச் சூட்டியவர் கலைஞர். 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவர் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். முன்னுரை எழுதி மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. ஆயினும் செப்டம்பர் 13-ஆம் நாள் சென்னையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது தமிழ்நாடு அரசு. முன்னுரையை ஏற்றுக்கொண்டா விழா எடுத்தது? இல்லை. முன்னுரைக்கு நம் மறுப்பு அப்படியே நிற்கிறது. சிம்பொனிக்கு நம் பாராட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை அடித்துவிட முடியாது.

ஆகவே கொருக்குப்பேட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. பாட்டைப் போடுங்கள். கூட்டம் கூடட்டும். பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, அம்பேத்கர் யார், அவரை எவரோடு ஒப்பிடக் கூடாது, ஏன் ஒப்பிடக் கூடாது என்று விளக்கிப் பேசுங்கள். பாட்டைக் கேட்டு நின்றவன் பேச்சையும் கேட்பான். பாட்டையே நிறுத்தினால் பேச்சைக் கேட்க யார் இருப்பார்?

மாற்றானின் ஒரு நல்ல பாட்டைக் கேட்டால் கரைந்துபோகும் கொள்கை, கொள்கையல்ல, கற்பூரம். ஒரு நல்ல பாட்டுக்காக விலைபோகும் கொள்கையும் கொள்கையல்ல, கடைச்சரக்கு. நம்முடையது இரண்டும் அல்ல.

பாட்டு பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கம் வேண்டாம். போக்கு பிடிக்கவில்லை என்று சொல்ல அச்சம் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே மேடையில், உரக்கச் சொல்லுங்கள்!